ஒரு முழம் நூல் கேட்டு

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் அங்கன்வாடி டீச்சர்களுக்கும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும்,

பென்சிலை ஐந்து விரலாலும் சுற்றி வளைத்துப் பிடிக்கிற பிள்ளை, ஒரு ‘அ’ எழுதி முடிப்பதற்குள் தாளைக் கிழித்துவிடுகிற பிள்ளை, நாலு வரி எழுதியதும் “கை வலிக்குது டீச்சர்” என்று உதறுகிற பிள்ளை, ஸ்வெட்டர் பட்டனைப் போடத் தெரியாமல் உங்கள் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற பிள்ளை. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் மீனாட்சிபுரத்திலும், மூணாறிலும் மறையூரிலும் வண்டிப்பெரியாறிலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் இவர்கள் உங்களிடம் வருகிறார்கள். வந்ததும் என்ன நடக்கிறது? இரட்டைக் கோடு நோட்டு வாங்கச் சொல்கிறோம். நாலு பக்கம் கூடுதலாக எழுதி வரச் சொல்கிறோம். வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து குட்டு வைத்து எழுதவைக்கிறார். கை தயாராகாததால் எழுத வராத பிள்ளைக்கு இன்னும் அதிகமாக எழுதுவதையே மருந்தாகக் கொடுக்கிறோம். இந்த மருந்து கேட்கவில்லை என்பது எல்லோரையும்விட உங்களுக்குத்தான் தெரியும். வேறொன்றை முயன்று பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வாரத்தில் இரண்டு அரைமணி நேரம், மூன்று வயதிலிருந்து இரண்டாம் வகுப்பு முடியும்வரை, ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் நூலும் துணியும் கொடுங்கள். காலம் வரும்போது முனை மழுங்கின ஊசியும் கொடுங்கள்.

நம் பிள்ளைகளின் எழுத்துச் சுமை மற்றவர்களுக்கு இருப்பதைப் போன்றதில்லை. பொள்ளாச்சியிலோ போடியிலோ அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழும் ஆங்கிலமும் எழுத வந்தால் போதும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்குத் தமிழ், ஆங்கிலம், மலையாளம், ஐந்தாம் வகுப்பில் இந்தி என்று நான்கு எழுத்துமுறைகள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பாதி நேர்கோடுகளால் ஆனவை. தமிழில் ண, ழ, ஞ எல்லாம் சுழித்துத் திரும்புகிறவை. மலையாளமோ கிட்டத்தட்ட முழுக்க முழுக்க வளைவு. நேர்கோட்டை முழங்கையை ஆட்டியும் இழுத்துவிடலாம். சிறிய சுழியை விரல் நுனி அசைந்தால்தான் போட முடியும். மணிக்கட்டு அசையாமல் நிற்க வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் நகர வேண்டும். மற்ற பல இடங்களைவிட அதிகமாகக் கையைத் தயார்செய்து அனுப்ப வேண்டிய இடம் நம்முடையது. தயார்செய்வதற்கென்று நாம் ஒதுக்குகிற நேரமோ அநேகமாக ஒன்றுமில்லை.

மணிக்கட்டில் இருக்கிற சிறு எலும்புகள் 8. பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்பாகவே இருக்கும். மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இரண்டு மூன்று எலும்புகள்தான் தெரியும். மற்றவை ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பு உருவாக 8 முதல் 12 வயது வரை ஆகலாம். அதனால் எலும்பு முற்றும்வரை பென்சிலே தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வளர்ந்துகொண்டிருக்கிற கைக்குப் பலவிதமான வேலை வேண்டும், ஒரே பிடியில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது மிகக் குறைந்த பயன் தருகிற வழி என்றுதான் சொல்ல வருகிறேன். முன்பெல்லாம் வீடே இந்தப் பலவித வேலைகளைக் கொடுத்தது. புளி உருட்டினார்கள், அவரைக்காய் நார் உரித்தார்கள், அரிசியில் கல் பொறுக்கினார்கள், வாழைநாரில் கனகாம்பரம் கட்டினார்கள். இன்றைக்குச் சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளை எலாஸ்டிக் கால்சட்டையும் டி-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு, ஒட்டுப்பட்டை வைத்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வந்துவிடுகிறது. காலையிலிருந்து வகுப்பில் உட்காரும்வரை அதன் விரல்களுக்கு வேலையே வருவதில்லை. மூணாறு பிள்ளைக்குக் குளிர் புண்ணியத்தில் ஸ்வெட்டர் பட்டனும் ஜிப்பும் ரெயின்கோட்டும் இருக்கின்றன. ஆனால் காலை எட்டு மணிக்குக் கொழுந்தெடுக்க மலையேற வேண்டிய அம்மாவுக்கு, பிள்ளை தானே பட்டன் போட்டு முடிக்கிறவரை காத்திருக்க நேரம் ஏது? அவரே போட்டுவிட்டு ஓடுகிறார். குற்றம் சொல்ல முடியாது.

ஒரு தையல் போடுவதில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். சாக்குத் துணியில் சாக்பீஸால் ஒரு கோடு. இடது கை துணியை இழுத்துப் பிடிக்கிறது, விட்டுவிட்டால் துணி சுருங்கிவிடும். வலது கையின் மூன்று விரல்கள் ஊசியைப் பிடித்துத் துளையைத் தேடுகின்றன. குத்தியதும் அந்தப் பிடியை விட வேண்டும். கை துணிக்கு அடியில் போக வேண்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசி நுனியைத் தொட்டுக் கண்டுபிடித்து மறுபடி பிடிக்க வேண்டும், நூல் இறுகுகிறவரை இழுக்க வேண்டும், அதிகம் இழுத்தால் துணி கொசுவிக்கொள்ளும் என்று விரலுக்கே தெரிந்து நிறுத்த வேண்டும். பிறகு கீழிருந்து மேலே. பிடி, விடு, தேடு, மறுபடி பிடி, அளவாக இழு. பத்துத் தையலுக்குள் இது பத்து முறை நடக்கிறது, ஒவ்வொரு முறையும் இரண்டு கையும் வெவ்வேறு வேலை செய்கின்றன. களிமண் பிசைவது விரலுக்கு வலுத் தரும், குறி தராது. மணி கோப்பது குறி தரும், இழுவையின் அளவைக் கற்றுத் தராது. பென்சிலுக்குத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்தில் தருகிற மலிவான வேலைகளில் தையலுக்கு நிகராக ஒன்றிரண்டுதான் தேறும். இன்னொன்றும் உண்டு. தவறிப்போன தையலை உருவி எடுத்து மறுபடி போடலாம், ரப்பர் வைத்து அழித்த கறை இருக்காது, சிவப்பு மையால் யாரும் சுழிக்கவும் மாட்டார்கள்.

இதற்கு ஆதாரம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் மெக்ஹேல், செர்மாக் என்ற இருவர் தொடக்கப் பள்ளி வகுப்புகளைக் கவனித்து 1992-இல் எழுதிய ஆய்வில், பள்ளி நாளின் 31 முதல் 60 விழுக்காடு நேரம் விரல் வேலையிலேயே, அதிலும் பெரும்பகுதி எழுத்திலேயே போகிறது என்று கண்டார்கள். 2010-இல் டேவிட் கிரிஸ்மரும் அவருடைய சகாக்களும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, பள்ளியில் சேரும் வயதில் இருக்கிற விரல் திறன், பின்னால் வரும் கணக்கு, வாசிப்பு மதிப்பெண்களை முன்கூட்டியே ஓரளவு காட்டிக்கொடுத்தது. இதை வைத்துத் தைத்தால் கணக்கு வரும் என்று சொல்லக் கிளம்பினால் அது பொய்யாகிவிடும். இரண்டும் சேர்ந்து வளர்கின்றன என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது, ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று அது நிரூபிக்கவில்லை. நான் சொல்வது அதைவிடச் சிறியது. ஒரு நாளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நேரத்தையாவது விரலை நம்பி நடத்துகிற பள்ளிக்கூடம், அந்த விரலைப் பழக்குவதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. 2018-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அறுவைக் கல்விப் பேராசிரியர் ரோஜர் நீபோன், மருத்துவ மாணவர்கள் நன்றாக மதிப்பெண் வாங்கி வருகிறார்கள், ஆனால் நோயாளிக்குத் தையல் போடக் கை வரவில்லை, துணி வெட்டுவது, கையால் எதையாவது செய்து பார்ப்பது எல்லாம் குறைந்துபோனதுதான் காரணம் என்று வெளிப்படையாகவே வருந்தினார். அது ஒருவருடைய அனுபவக் கருத்து, ஆய்வு முடிவில்லை. ஆனாலும் பிள்ளையை டாக்டராக்க வேண்டும் என்று உங்களிடம் வந்து சொல்கிற பெற்றோருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த வித்தையும் கிடையாது. 1837-இல் ஜெர்மனியில் பிரோபெல் தொடங்கிய மழலைப் பள்ளியின் வேலைகளில் துளையிட்ட அட்டையில் நூல் கோத்துத் தைப்பது ஒன்று. பின்னால் வந்தவர்கள் அதைக் கண்டித்தார்கள். துளைகள் மிகச் சிறியவை, பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கின்றன என்றார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது, அதைப் பற்றிக் கீழே வருகிறேன். 1866-இல் பின்லாந்து, ஊனோ சிக்னேயஸின் யோசனைப்படி, கைவேலையைப் பொதுப்பள்ளியில் கட்டாயப் பாடமாக்கியது. இன்றும் அங்கே ஆணும் பெண்ணும் அதைப் படிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? வட்டவடையிலிருந்து மலை தாண்டினால் கொடைக்கானல். 1939-இல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, இரண்டாம் உலகப்போரில் இத்தாலிக்காரர் என்பதால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலில் 1942 முதல் இரண்டு ஆண்டுகள் போல இருந்து பிள்ளைகளோடு வேலை செய்தார். அவருடைய பள்ளிகளில் இருந்த உடைச் சட்டம் மிக எளிய கருவி. ஒரு மரச் சட்டம், இரண்டு பக்கமும் துணி, நடுவில் ஒன்றில் பட்டன், இன்னொன்றில் கொக்கி, இன்னொன்றில் முடிச்சுப் போடும் நாடா. உடம்பில் போட்டிருக்கிற சட்டையில் பட்டன் கண்ணுக்குத் தெரியாது, கழுத்தைக் குனிந்து தேட வேண்டும். அதையே மேசை மேல் வைத்துவிட்டால் பிள்ளை பார்த்துப் பார்த்துப் பழகலாம். உங்கள் ஊர்த் தச்சரும் தையல்காரரும் சேர்ந்தால் ஒரு மதியத்தில் நாலு சட்டம் செய்துவிடுவார்கள்.

இனி, நீங்கள் வாய் திறந்து கேட்காவிட்டாலும் மனதில் முதலில் வந்து நிற்கிற கேள்வி: ஊசி குத்திவிட்டால்? பெற்றோர் சும்மா விடுவார்களா? இதற்குத் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். தையல் பெட்டியில் இருக்கிற பொருள்களிலேயே பெரிய ஆபத்து ஊசியால் வருவதில்லை, பட்டனால் வருகிறது. ஊசி குத்தின விரல் சோப்புப் போட்டுக் கழுவினால் ஒரு நாளில் ஆறும். மூச்சுக்குழாயில் சிக்கின பட்டன் நமக்குச் சில நிமிடங்கள்தான் தரும். பொம்மைகளுக்கான இந்தியத் தர விதிகள் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சிறு பாகங்களை அனுமதிப்பதில்லை. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்குகிற எதுவும் சிறு பாகம்தான், சட்டைப் பட்டன் அதில் எங்கோ அடியில் கிடக்கும். எஸ்டேட் கிரீச்சில் கைக்குழந்தைகளும் தவழ்கின்றன, அங்கன்வாடிக்கு அக்காவோடு தம்பியும் வந்துவிடுகிறான். ஆகவே தனிப் பட்டன், மணி, ஊக்கு எதுவும் அந்த அறையின் தரையில் இருக்கவே கூடாது. பட்டன் வேண்டுமென்றால் துணியில் இறுகத் தைத்த பட்டன்தான். குண்டூசி பொறுக்கத் தையல்காரர் வைத்திருக்கிற காந்தத்தைப் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள், இரண்டு காந்தத் துண்டுகள் வயிற்றுக்குள் போனால் குடலைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குண்டூசியே வேண்டாம். குண்டூசியை உதட்டில் கவ்வுகிறதும், நூல் முனையை வாயில் வைத்து நனைக்கிறதும் நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். பிள்ளைகள் முன்னால் அதைச் செய்யாதீர்கள், நீங்கள் செய்வதைத்தான் அவர்கள் செய்வார்கள்.

வரிசை முக்கியம். மூன்று வயதில் திருப்பூரிலிருந்து வருகிற ஓவர்லாக் நூலின் காலிக் கோன்கள் போதும். அடுக்கலாம், நடுத் துளையில் கயிறு நுழைக்கலாம், வாயில் போக முடியாத அளவுக்குப் பெரியவை. நான்கு வயதில் அட்டைப்பெட்டித் துண்டில் பெரியவர் போட்டுக் கொடுத்த துளைகள், துளைக்கும் துளைக்கும் பிள்ளையின் இரண்டு விரல் இடைவெளி, கோக்க ஷூ லேஸ். பிரோபெலின் அட்டைகள் மேல் வந்த கண்டனம் இங்கே நினைவில் இருக்கட்டும். துளை பெரிதாக, வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருவதாக, வேலை பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாததாக இருக்க வேண்டும். ஐந்து வயதில்தான் ஊசி. அதுவும் கனமான பிளாஸ்டிக் ஊசி, இல்லையென்றால் முனை உருண்ட, பெரிய காதுள்ள உல்லன் ஊசி. சாக்கு ஊசியைப் பார்த்து ஏமாறாதீர்கள், காது பெரிது என்றாலும் முனை கூர். ஊசிக்குத் தோதான துணி சாக்கு, இழைகளுக்கு நடுவில் வழி இருப்பதால் மழுங்கின முனையும் இறங்கும். நம் பகுதியில் சாக்கு விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஏலத் தோட்டத்திலும் முதலமடை மாந்தோப்பிலும் மருந்து அடிக்கிறார்கள். உரமோ மருந்தோ வந்த சாக்கு, தோட்டத்து ஷெட்டில் கிடந்த சாக்கு எதுவும் பிள்ளை கைக்குப் போகக் கூடாது. கடையில் புதுச் சாக்குத் துணி வாங்கி, ஒரு முறை துவைத்து, வெயிலில் தூசி பறக்க உதறி எடுங்கள்.

நூல் எவ்வளவு நீளம் என்பதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது. நீளமாகக் கொடுத்தால் சிக்கும், கழுத்தில் சுற்றும், ஊசியை இழுக்கும்போது கை வெளியே வீசிப் பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்குப் போகும். பிள்ளையின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, அந்தப் பிள்ளையின் கையாலேயே அளந்த ஒரு முழம். அதற்கு மேல் வேண்டாம். நைலான் நூல் விரலை அறுக்கும், பருத்தி அல்லது உல்லன் நூல் நல்லது. உட்கார்ந்தபடிதான் தைக்க வேண்டும், ஊசியோடு எழுந்து நடக்கக் கூடாது. ஒரு பாயில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம், முழங்கை இடிக்காத இடைவெளி வேண்டும். ஊசிகளை எண் போட்ட ஒரு கம்பளித் துண்டில் குத்தி வையுங்கள். நாலு எடுத்தால் நாலும் திரும்பி வந்து அந்த எண்ணில் உட்கார்ந்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும். மூணாறு மழையில் ஊசி துருப்பிடிக்கும், துருவைக் கண்டால் எறிந்துவிடுங்கள். யாருக்காவது குத்தி ரத்தம் பட்ட ஊசி இன்னொரு பிள்ளைக்குப் போகக் கூடாது. ஐந்து வயதுத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கார்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அது எப்படியும் உங்கள் வேலைதானே. கத்தரிக்கோல் முனை மழுங்கினதாக இருக்கட்டும், இடதுகைப் பிள்ளைக்கு இடதுகைக் கத்தரி கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையை வலதுகைக்கு மாற்ற மட்டும் முயலாதீர்கள். கூர் ஊசி மூன்றாம் வகுப்புக்கு முன் எதற்கும் தேவைப்படாது.

“பையன்களுக்கு எதற்குத் தையல்?” என்று உங்களில் சிலரே கேட்பீர்கள். திருவிதாங்கூரில் பள்ளிக்கூடத்துக்குள் ஊசி வந்த கதையே பெண் பிள்ளைகளின் கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்கள் பள்ளியில் ரேந்தை (லேஸ்) பின்னல் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள் அந்த வருமானத்தில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டதாகப் பதிவு உண்டு. திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்தது 1855-இல்தான் என்பதை நினைத்தால் அந்தக் கைவேலையின் மதிப்பு புரியும். ஆனால் அதன் பிறகு தையல் டீச்சர் என்றால் பெண் பிள்ளைகளுக்கு என்று ஆகி, இன்றைக்கு அதுவும் சாஸ்திரோற்சவத்துப் பணி அனுபவ மேளாவுக்குப் பள்ளிக்கு ஒரு பிள்ளையைப் பொறுக்கி எடுத்து எம்பிராய்டரி பழக்குவதாகச் சுருங்கிவிட்டது. கை வருகிற பிள்ளைக்கு மேலும் பயிற்சி, கை வராத பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கோப்பை வாங்கலாம், எழுத முடியாமல் திணறுகிற பையனுக்கு அதனால் என்ன? பென்சிலை முட்டிக்குள் அமுக்குகிறவர்களில் பையன்கள் குறைவில்லை. தவிர, தையல் கடை வைத்திருக்கிறவர்களில் நிறையப் பேர் ஆண்கள், நம் ஊரில் எந்த ஆணும் அதற்காகக் கூச்சப்படுவதைக் காணோம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிற பெற்றோரை மதித்துக் கேளுங்கள். “காஜா எடுத்தே என் விரல் தேய்ந்தது, என் பிள்ளை கையிலும் ஊசியா?” தையல் கடையில் பட்டன் துளை தைக்கிற காஜா பையனாக நின்ற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கைமடி என்ற பெயரில் பிள்ளைகள் வேலை செய்த காலமும் தொலைவில் இல்லை. சித்தூர் தாலுகாவிலிருந்து அங்கே போய் வந்த குடும்பங்களுக்கு அது தெரியும். 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தத் தடை போட்டது, ஆனால் குடும்பத்துக்கு உதவி என்ற ஒரு சந்தும் திறந்து விட்டுவைத்தது. பீஸ் ரேட்டுக்கு வீட்டில் வேலை எடுக்கிற இடங்களில் அந்தச் சந்து வழியாக என்ன நுழையும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோதும் இதே பயம் எழுந்தது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழுவே, பொருளாதார நோக்கம் மேலோங்கிக் கல்வி நோக்கத்தைத் தின்றுவிடும் அபாயம் இருக்கிறது என்று தன் அறிக்கையில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை அப்படியே விதியாக எடுத்துக்கொள்வோம். பிள்ளை தைத்தது எதுவும் விற்பனைக்குப் போகாது. பள்ளி விழாவுக்குத் தோரணம் தைத்துத் தா என்று எண்ணிக்கை வைத்துக் கேட்க மாட்டோம். நேரம் வைத்துப் போட்டி நடத்த மாட்டோம். தைத்த துணி கோணலோ நேரோ பிள்ளையின் வீட்டுக்குப் போகும். இந்த விதியை பி.டி.ஏ. கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காஜா எடுத்த அப்பாவையே முன்னால் உட்காரவைத்து, ஊசியை எப்படிப் பிடித்தால் குத்தாது என்று சொல்லித்தரக் கேளுங்கள், அவரைவிட நன்றாக அதைச் சொல்ல ஆள் கிடையாது.

போனில்தான் விரல் ஓடுகிறதே என்பவர்களுக்கு ஒரு வரி போதும். கண்ணாடித் திரை விரலை எதிர்ப்பதில்லை, ஒரே விரல், ஒரே இழுப்பு.

நேரமும் ஆளும் இல்லை என்பது உண்மையான சிரமம். அங்கன்வாடியில் நீங்களும் ஹெல்ப்பரும்தான். அவர் சமையலில் இருப்பார், நீங்கள் எடையும் பதிவேடும் பார்க்க வேண்டும். அதனால்தான் நான்கு நான்கு பேராகச் செய்யச் சொல்கிறேன். மற்றவர்கள் வேறு வேலையில் இருக்கிற நேரத்தில் ஒரு பாய், நான்கு பேர், பதினைந்து நிமிடம், பிறகு அடுத்த நான்கு பேர்; அரைமணியில் இரண்டு குழு. ஹெல்ப்பர் அடுப்படியில் இருக்கிற நேரத்தில் ஊசிப் பாய் விரிக்கவே வேண்டாம், லேஸ் அட்டை மட்டும் கொடுங்கள். ஜூன், ஜூலையில் மூணாறிலும் பீருமேட்டிலும் மழைக்காகப் பிள்ளைகளை அறைக்குள்ளேயே வைத்திருக்கிற நாட்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும், அந்த நாட்கள் இதற்குத்தான் தோது. வர்ணக்கூடாரம் திட்டம் வந்த மழலை வகுப்புகளில் கைவேலைக்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதைக் காகிதப் பூக்களால் அலங்கரித்து வைத்திருக்கிறீர்களா, பிள்ளைகள் அங்கே உட்காருகிறார்களா என்று மட்டும் பாருங்கள். செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அரசு தருகிற கைத்தறிச் சீருடைத் துணியைத் தைக்கிற தையல்காரர்களிடமும் குடும்பஸ்ரீ யூனிட்டுகளிடமும் வெட்டுத்துணி கிடைக்கும். நெசவு நெருக்கமாக இருப்பதால் மழுங்கின ஊசி அதில் இறங்காது, ஆனால் பட்டன் சட்டத்துக்கு அருமையான துணி. திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் தைக்கவைக்காதீர்கள், இழுபட்டுப் பிள்ளையை அழவைத்துவிடும். அதையே ஒரு விரல் அகலப் பட்டையாக வெட்டி இழுத்தால் உருண்டு மெத்தென்ற கயிறாகும், அட்டையில் கோக்க லேஸைவிட நல்லது.

கை மெதுவாக வருகிற பிள்ளைகளைப் பற்றி ஒன்று. மூணாறில் சிருஷ்டி அறக்கட்டளையின் ஆரண்யாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1990-களில் தொடங்கியது. தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் அங்கே துணியை மடித்து, கட்டி, தைத்து, இயற்கைச் சாயத்தில் முக்கி எடுக்கிறார்கள். தைத்து இறுக்கின இடத்தில் சாயம் ஏறாது, பிரித்ததும் கோலம் தெரியும். வெளிநாடுகளிலிருந்தும் கலைஞர்கள் வந்து பார்க்கிற தரம் அது. அவர்கள் வளர்ந்தவர்கள், கூலி வாங்கி வேலை செய்கிறவர்கள், நம் பிள்ளைகளின் விஷயம் வேறு. ஆனால் “இவனுக்குக் கை வராது” என்று நான்கு வயதில் நாம் எழுதுகிற தீர்ப்பை அந்தக் கூடம் மறுக்கிறது. தையல் பாய் உங்களுக்கு இன்னொரு கண்ணாகவும் உதவும். ஐந்து வயது முடிந்தும் லேஸைத் துளைக்குள் விட முடியாத பிள்ளை, ஒரு கையை மட்டும் மடியில் வைத்திருக்கிற பிள்ளை, அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற பிள்ளை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் சோம்பேறியாகத் தெரிவார்கள், பாயில் வேறு மாதிரித் தெரிவார்கள். அவர்களை வட்டார வள மையத்தின் (பி.ஆர்.சி.) சிறப்பாசிரியரிடம் சீக்கிரம் காட்டுங்கள். கண்ணாடி ஒன்றே தேவையாக இருக்கலாம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கிளஸ்டர் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். பி.ஆர்.சி.யில் இருக்கிற பணி அனுபவ ஆசிரியரை மேளாவுக்கு மட்டும் கூப்பிடாமல், பள்ளிக்கு இருபது லேஸ் அட்டையும் நாலு பட்டன் சட்டமும் செய்துகொள்ள ஒரு நாள் வரச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை எழுத்து வேலைக்கு ஒதுக்கின நேரத்திலிருந்தே எடுங்கள், விளையாட்டு நேரத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரு பருவம் நடத்திவிட்டு, ஜூனில் எழுதின முதல் பக்கத்தையும் டிசம்பரில் எழுதின பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெற்றோருக்குக் காட்டுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஜூனில் ஊசி வாங்க வேண்டியதே இல்லை, கோனும் அட்டையும் கயிறும் போதும். ஐந்து வயது ஆனவர்களுக்கு மட்டும் ஓண விடுமுறை கழிந்து வந்து, எண் போட்ட கம்பளித் துண்டு தயாரான பிறகு, முதல் நான்கு ஊசிகளை எடுங்கள்.